மிதித்த பாதங்களும் மரபுதான்
புதுச்சேரியில் பழைய கட்டடங்களைக் காக்கும் பேச்சு எழும்போதெல்லாம், 2014 நவம்பர் மழையில் சரிந்த பழைய நகரமன்றமான மேரி கட்டடம்தான் என் கண்முன் வரும். அதே சாயலில் மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். ஆனாலும் போன சுவர் போனதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம் வந்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. அங்கே ஐப்பசி மழை ஆண்டுதோறும் உப்பளத்தை மூழ்கடிக்கிறது. தை பிறந்ததும் சேற்றை அள்ளி, வரப்புக் கட்டி, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, பாத்திகளைப் புதிதாய் எழுப்புகிறார்கள். அங்குள்ள பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளே இவ்வூர் உப்பளங்களைப் பேசுகின்றன. கோயில் கல்லைக் காக்கிறோம், சரி. அந்தக் கல் சொல்லும் தொழிலை யார் காப்பது? எந்தப் பதத்தில் தரை இறுகும், எந்த வெயிலில் உப்பு பூக்கும் என்பதெல்லாம் அந்தப் பாதங்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாடு 2012-இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் மரபுப் பட்டியல் எழுதும் கைகள் சுண்ணாம்புச் சுவரோடு நின்றுவிடக் கூடாது. உப்புத் தொழிலாளிக்கு மழைக்காலத்திலும் அடுப்பெரிய வழி செய்வதும் மரபுப் பாதுகாப்புதான். அவர் பிள்ளை அளத்தில் இறங்க மறுக்கும் நாளில், ஆயிரமாண்டுக் கல்வெட்டு வெறும் எழுத்தாகிவிடும்.