நல்லெண்ணம் மட்டும் போதுமா?



1988 டிசம்பர் 7 அன்று சோவியத் ஆர்மீனியாவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஸ்பிடாக் நகரம் தரைமட்டமாயிற்று. இன்று கியூம்ரி எனப்படும் லெனினகான் நகரம் பாதி அழிந்தது. மாண்டவர்கள் ஏறத்தாழ 25,000 பேர். உலகின் பல திசைகளிலிருந்தும் உதவி விமானங்கள் விரைந்தன.

டிசம்பர் 11 அன்று அஜர்பைஜானிலிருந்து மீட்புப் பணியாளர்களைச் சுமந்து ஓர் இல்யூஷின்-76 சரக்கு விமானம் லெனினகானை நெருங்கியது. கராபாக் நிலப்பகுதியின் பொருட்டு அவ்விரு குடியரசுகளுக்கும் இடையே பகை மூண்டிருந்த காலம் அது. அப்பகையையும் கடந்து கைகொடுக்க வந்தவர்கள் அவர்கள். ஆனால், தரையிறங்குமுன் விமானம் மலையில் மோதியது. 78 பேரில் ஒருவரே பிழைத்தார்.

மறுநாளே யூகோஸ்லாவியா அனுப்பிய சோவியத் தயாரிப்பான அன்டோனவ்-12 விமானம் எரெவான் அருகே விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர்.

விமானங்கள் பழுதுபட்டிருந்தனவா என்று நீங்கள் கேட்கக்கூடும். பழுதினால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. 1972இல் கார்கிவ் அருகே அன்டோனவ்-10 விமானத்தின் இறக்கை உலோகச் சோர்வினால் முறிந்து 122 பேர் இறந்தனர். ஆர்மீனியாவில் நிகழ்ந்ததோ வேறு. இரண்டிலும் உயரமானியைப் பொருத்துவதில் நேர்ந்த தவறே காரணமாகக் கூறப்பட்டது.

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தையே அளக்கிறது. எந்த இடத்தைச் சுழியாகக் கொள்வது என்பதை விமானிதான் அதில் பொருத்த வேண்டும். சோவியத் நாட்டில் ஓடுபாதையைச் சுழியாகக் கொண்டனர். பிற நாடுகள் பலவற்றில் கடல்மட்டமே சுழி. கடல்மட்டத்திற்கு 900 மீட்டர் மேலுள்ள ஒரு நிலையத்தை எண்ணிப் பாருங்கள். தரையிலிருப்பவர், ஓடுபாதைக் கணக்கில், "1000 மீட்டருக்கு இறங்குக" என்கிறார். விமானியோ கடல்மட்டக் கணக்கில் இறங்குகிறார். கருவி 1000 என்றே காட்டும். ஆனால் ஓடுபாதையின் மட்டத்திற்கும் விமானத்திற்கும் இடையே எஞ்சுவது 100 மீட்டர்தான்! சுற்றிலும் மலைகள் நிற்கும் நாட்டில் அது மரணத்தின் உயரமன்றோ? எரெவானில் நேர்ந்தது இத்தகைய குழப்பமே.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் எண்ணைத் தவறாகக் கேட்கவில்லை. "எங்கிருந்து அளந்த எண்?" என்ற ஒரு கேள்விதான் விடுபட்டுப் போயிற்று.

வாசகர்களே! இத்தவறு வானத்தில் மட்டுமா நிகழ்கிறது? "ஒரு கரண்டி மருந்து கொடுங்கள்" என்கிறார் மருத்துவர். எந்தக் கரண்டி என்று கேளாமல், சமையற்கட்டில் கைக்குக் கிடைத்ததை எடுக்கிறோம். குழந்தையின்பால் நமக்கு அன்பில்லையா? அன்பு நிறையவே இருக்கிறது, கேட்பதற்குத்தான் கூச்சம்.

உதவ வேண்டுமென்ற துடிப்பு உயர்ந்தது. எனினும் அவசரம் மிகுந்த வேளையில்தான் ஒரு கணம் நின்று வினவுதல் மிகவும் தேவைப்படுகிறது. மீண்டும் கேட்பது அறியாமையின் அடையாளமன்று. அடுத்த முறை ஓர் அளவு உங்களிடம் சொல்லப்படும்போது, புரிந்துகொண்டதைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.