கலர் கம்மியா, லைட்டிங் கம்மியா?

மும்பைல ஃபோட்டோ எடுத்துப் பொழைக்கிற என்கிட்ட நம்மாளுங்க லென்ஸ் பத்தியெல்லாம் கேக்குறதே இல்லீங்க. "மாடலை எப்படிப்பா செலக்ட் பண்றே?"ன்னுதான் கேப்பாங்க. செம்பூர், மாட்டுங்கா பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இது உண்டு. கூடவே, "எங்க பொண்ணுக்கும் ஆசைதான், ஆனா கலர் கொஞ்சம் கம்மி"ன்னு ஒரு இழுவை. இன்னிக்குப் புலம்பல் அந்தக் 'கலர் கம்மி'யைப் பத்தித்தான்.

சூரத் புடவைக்கு கேட்டலாக் எடுக்குறோம். வாங்கிக் கட்டப்போறவங்க தஞ்சாவூர்லயும் திருநெல்வேலிலயும் இருக்காங்க. படத்துல நிக்கிற பொண்ணு மட்டும் பால்கோவா நிறத்துல இருக்கணுமாம். ஏன்யான்னா, "கறுப்பு ஸ்கின் கேமராவுல எடுபடாது சார்"!

சுத்தப் பேத்தல். கேமராவோட மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைச்சுத்தான் கணக்குப் போடும். வெள்ளைச் சுவர் முன்னாடி நிக்க வெச்சா சுவரை அடக்கப் போய் முகத்தை இருட்டாக்கிடும். கறுப்பு முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டர்ல அளந்தா வெளுத்து வரும். அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைச்சா சரியாயிடும். பக்கவாட்டுல பெரிய சாஃப்ட்பாக்ஸ் ஒண்ணு வெச்சுப் பாருங்க, கன்னத்து எலும்புல விழுற அந்த மினுமினுப்பு வெளுத்த தோலுக்கு லேசுல வராது. மேக்கப்காரர் பெட்டியில ரெண்டே ரெண்டு ஷேடு, ரெண்டும் வெளிர். அதைப் பூசினா முகம் சாம்பலடிக்கத்தான் செய்யும். அதுக்குப் பொண்ணு என்னங்க பண்ணுவா?

ஃபிலிம் காலத்துல ஒரு சாக்காவது இருந்துச்சு. லேப்ல நிறம் சரிபாக்க கோடாக் கொடுத்த 'ஷெர்லி கார்டு'ல ரொம்பக் காலம் வெள்ளைக்காரப் பொண்ணுங்க படம்தான். இப்ப ரா ஃபைலைக் கையில வெச்சுக்கிட்டு அதே பாட்டைப் பாடினா அது சோம்பேறித்தனம். 2017-ல சென்னையில பரத்வாஜ் சுந்தரும் ஃபோட்டோகிராஃபர் நரேஷ் நிலும் 'டார்க் இஸ் டிவைன்'னு கறுப்பு மாடல்களையே சாமிகளா நிக்க வெச்சு எடுத்தாங்களே, பாக்காதவங்க தேடிப் பாருங்க. 2020-ல ஃபேர் அண்ட் லவ்லிகூட பேரை மாத்திக்கிச்சு. ஆர்டர் கொடுக்குறவங்க வாய்தான் இன்னும் மாறலை.

சரி, நான் எப்படிப் பொறுக்குறேன்? கால் மணி நேர டெஸ்ட் ஷூட். முந்தானையை எடுத்துப் போடச் சொல்லுவேன், உக்காந்து எழுந்திருக்கச் சொல்லுவேன். கை விறைச்சு நிக்குதா, முப்பதாவது படத்துலயும் கண்ணுல உசிர் இருக்கான்னு பாப்பேன். அப்புறம், சொன்ன நேரத்துக்கு வர்றவங்களா (மும்பை லோக்கல் ட்ரெயினை நம்பி வர்றவங்களுக்கு அரை மணி தள்ளுபடி :-)). இதுல பாஸானா லைட்டை அவங்களுக்குத் தக்கபடி மாத்துறது என் வேலை. பொண்ணை மாத்தச் சொன்ன பார்ட்டிங்க ரெண்டு பேரை விட்டிருக்கேன். துட்டு நஷ்டம்தான்.

வீட்டுல ஆசைப்படுற பொண்ணு இருந்தா கலரைச் சொல்லித் தடுக்காதீங்க. பயப்பட வேண்டியது வேற. "முதல்ல போர்ட்ஃபோலியோவுக்குக் காசு கட்டு, சான்ஸ் உறுதி"ன்னு எவனாவது சொன்னா வந்த வழியே திரும்பிடுங்க. முதல் ஷூட்டுக்குக் கூடவே போங்க. ரிலீஸ் ஃபாரத்துல படத்தை எங்கே, எத்தனை வருஷம் போடலாம்னு எழுதியிருக்கான்னு படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க. பதினெட்டு ஆகலைன்னா அப்பாவோ அம்மாவோதான் போடணும்.

இன்னொண்ணு. வரனுக்கு அனுப்புற ஃபோட்டோவை "கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடு தம்பி"ன்னு கேட்டுட்டு வராதீங்க. பரு இருந்தா எடுத்துத் தரேன். நிறத்துல கை வெக்க மாட்டேன்.