சோதனைத் தளத்தில் உண்மையான வாடிக்கையாளர்கள்

நேரலைத் தளத்தின் பேக்கப்பை அப்படியே சோதனைத் தளத்தில் ஏற்றும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் தளத்தின் முகவரியும் பதிவாகியிருக்கும். அதை மாற்றாவிட்டால், சோதனைக்கென்று உள்ளே வந்தவர் நேரலைத் தளத்துக்குப் போய் அங்கே கைவைத்துவிடுவார். எஸ்க்யூஎல் கோப்பில் முகவரியை வெறுமனே தேடி மாற்றினாலும் சிக்கல்தான்: சீரியலைஸ் செய்த தரவில் எழுத்துகளின் நீளமும் பதிவாகியிருப்பதால், நீளம் பொருந்தாத அமைப்புகள் உடைந்துபோகும். வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐ-யின் தேடி மாற்றும் கட்டளை அந்த நீளத்தையும் திருத்திவிடும். இதைவிடப் பெரிய கவலை, கூடவே வந்துசேரும் வாடிக்கையாளர்களின் பெயர், மின்னஞ்சல், ஆர்டர் விவரங்கள். தானியங்கி வேலைகள் ஓடினால் அவர்களுக்குத் தவறான கடிதங்கள் பறக்கும். அஞ்சலையும் கட்டண இணைப்பையும் முடக்கி, தனிப்பட்ட விவரங்களை அழித்த பிறகே எந்தச் சோதனையும் தொடங்க வேண்டும். இதை ஒவ்வொரு நிறுவனமும் கட்டாய விதியாக்க வேண்டும்.