தோலில் எழுதிய பெயர்

காணாமற்போனவர்களைப் பற்றிய படிவங்களை நிரப்பிக் கொடுக்கும்போது நான் எப்போதும் தயங்கி நிற்கும் இடம் ‘அங்க அடையாளம்’ என்பது. பக்கத்தில் இருக்கும் அம்மா தயங்குவதில்லை. “வலது முழங்காலுக்குக் கீழ தழும்பு, பிள்ளை. பதினாலு வயசில சைக்கிளால விழுந்தவள்” என்று உடனே சொல்லிவிடுவார். பெற்றவளுக்குப் பிள்ளையின் உடம்பு மனப்பாடம்.

அண்மையில் அமெரிக்கப் படையினர் தம் உடம்பில் குத்திக்கொள்ளும் பச்சைகளைப் பற்றி வாசித்தபோது இந்தப் படிவம்தான் என் கண்முன் வந்தது. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அனுப்பப்பட்ட படையினர் சிலர், கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டில் உள்ளதை அப்படியே விலாப்புறத்தில் பச்சை குத்திக்கொண்டார்கள். பெயர், இலக்கம், இரத்த வகை, சமயம். குண்டு வெடித்தால் தகடு தெறித்துப் போகலாம், உடம்பின் நடுப்பகுதியாவது மிஞ்சும் என்ற கணக்கு. அதைத் தங்களுக்குள் ‘இறைச்சித் தகடு’ என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்கவே நெஞ்சு கூசுகிறது. ஆனாலும் அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் ஒரு தாயோ மனைவியோ இருக்கிறாள். “நான் செத்தால் என்னை அவளிடம் சேர்த்துவிடுங்கள்” என்பதுதான் அதன் பொருள்.

இது புதிய பயமும் அல்ல. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில், 1864 இல் வேர்ஜீனியாவின் கோல்ட் ஹார்பரில், தாக்குதலுக்கு முன்னர் படையினர் பெயரையும் ஊரையும் கடதாசித் துண்டுகளில் எழுதிச் சட்டையின் முதுகில் குத்திக்கொண்டதாக அங்கிருந்த அதிகாரி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்த இராணுவத்தில் அடையாளத் தகடு முறைப்படி வந்தது 1906 இல்தான்.

உயிரோடு திரும்பியவர்கள் குத்திக்கொள்ளும் பச்சை வேறு வகை. நிமிர்த்தி வைத்த துவக்கு, அதன்மேல் தலைக்கவசம், கீழே ஒரு சோடி சப்பாத்து. பக்கத்தில் இறந்துபோன தோழரின் பெயரும் திகதியும். கலிபோர்னியாவில் சில நூலகங்கள் சேர்ந்து 2014 இல் ‘வார் இங்க்’ என்ற இணையக் கண்காட்சியைத் தொடங்கின. முன்னர் இராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்த சமூகவியலாளர் ஜேசன் டைச்சும், நூலகர் கிறிஸ் பிரவுனும் முன்னின்று செய்த வேலை அது. முன்னாள் படையினர் 24 பேர் தம் பச்சைகளைக் காட்டி, அவற்றின் கதையைச் சொன்னார்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது அந்த வழிமுறை. “யுத்தத்தில் உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். “இந்தப் பெயர் யாருடையது?” என்று கேட்டால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஆற்றுப்படுத்தல் வேலைக்கு வந்த புதிதில் இது தெரியாமல் நானும் பலரை மௌனமாக்கியிருக்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. அதே ஈராக்கில், 2006, 2007 ஆம் ஆண்டுகளில், பக்தாத்தின் பிண அறைகள் பெயர் தெரியாத உடல்களால் நிறைந்த காலத்தில், சாதாரண மக்களும் தம் பெயரையும் வீட்டு விபரத்தையும் உடம்பில் பச்சை குத்திக்கொண்டார்கள். இஸ்லாத்தில் பச்சை குத்துவது ஆகாது என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. அதையும் மீறிக் குத்த வைத்தது, பெயரில்லாப் பிணமாகிவிடுவோம் என்ற பயம். கலிபோர்னியக் கண்காட்சியில் அவர்கள் இல்லை.

எங்கள் பக்கம் உடம்பில் குறி இருப்பதே ஆபத்தாக இருந்தது. சோதனைச்சாவடியில் ஒரு காயத் தழும்புக்கும் விளக்கம் சொல்லவேண்டியிருந்த காலம் உங்களுக்கு மறந்திராது. இயக்கத்துக்குப் போனவர்களின் தகட்டில் இருந்தது இலக்கம். 2023 இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்காக நிலம் வெட்டியபோது வெளிப்பட்ட மனிதப் புதைகுழியில், எலும்புகளோடு அப்படியான தகடுகளும் எடுக்கப்பட்டன. தன் மகளின் இலக்கம் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? தழும்பு தெரியும். எலும்பில் தோலின் தழும்பு இராது.

ஆகவே சகோதரிகளே, ஒரு கொப்பி எடுத்து எழுதி வையுங்கள். எப்போதாவது கைகால் முறிந்ததா, எந்தப் பக்கம், எத்தனை வயதில், எந்தப் பல் பிடுங்கியது, எது அடைத்தது, உயரம் என்ன, கடைசியாக என்ன உடுத்திருந்தார். எலும்புகளைப் பரிசோதிக்கும் வைத்தியர்கள் தேடுவது இவற்றைத்தான். வயது போகப் போக இவை மறந்துவிடும், சொல்ல வேண்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அன்று அந்த அம்மாவிடமும் கேட்டேன், விழுந்தபோது எலும்பு முறிந்ததா என்று. கொஞ்சம் யோசித்தார்.

“ஓம் பிள்ளை. பரியாரியிட்டக் கொண்டுபோய்ப் பத்துப் போட்டுக் கட்டினது. ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் போகேல்லை.”

படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்.