களனிச் சுவரும் காலி வீதிப் பரலும்



ஜூலை பிறந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் பேச்சுக் குறைந்துவிடும். அதே மாதத்தில், ஜூலை 23 ஐ ஒட்டி, ஒரு சிங்கள ஓவியர் 1997 முதல் ஆண்டுதோறும் கொழும்பில் கண்காட்சி வைத்து, 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையை நினைவுகூர்ந்து வருகிறார். அவர் சந்திரகுப்த தேனுவர. அந்தக் கண்காட்சிகளுக்கு எங்கள் தமிழ் ஆட்கள் குடும்பமாகப் போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொண்ணூறுகளில் காலி வீதியால் போய்வந்தவர்களுக்குப் பரல் தெரியும். தார்ப் பரல்களுக்கு இராணுவச் சீருடையின் நிறங்களைப் பூசிச் சோதனைச் சாவடி தோறும் அடுக்கியிருந்தார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டுமாக அவற்றின் பக்கத்தில் எத்தனை பேர் காத்து நின்றிருப்போம்! தேனுவர அந்தப் பரலைக் கண்காட்சிக் கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்; 'பரலிசம்' என்று அதற்கொரு பெயரும் கொடுத்தார். கொடியையும் சிங்கத்தையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, நாடு இப்போது இப்படித்தான் இருக்கிறது என்று காட்டிய துணிச்சல் அது.

களனி விகாரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஹெலனா விஜேவர்தன அம்மையாரின் கொடையால் விகாரை புதுப்பிக்கப்பட்டபோது சோலியஸ் மென்டிஸ் வரைந்த சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. சங்கமித்தை வெள்ளரசுக் கன்றோடு வருகிறாள். ஹேமமாலா புத்தரின் புனித தந்தத்தைக் கொண்டுவருகிறாள். அவ்வளவு அழகான கோடுகள். அந்நிய ஆட்சிக்குக் கீழிருந்த மக்கள் தங்கள் பெருமையை மீட்டெடுத்த சுவர் அது, அதை மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுவர் சொல்லும் தீவின் கதையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடமில்லை. அதே வகைப் பெருமிதம் 2019 இன் இறுதியில் மன்னர்களாகவும் போர்வீரர்களாகவும் தெருச் சுவர்களில் மறுபடி எழுந்ததைக் கண்டோம்.

ஏறக்குறைய களனி ஓவியங்களின் காலத்தில், 1939-40 இல், பொரளை கோதமி விகாரையில் பறங்கியரான ஜோர்ஜ் கீற் புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். ஐரோப்பிய நவீன ஓவியமும் இந்தியச் சிற்பமும் ஒரே கோட்டில் சேர்ந்த வேலை. கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. கடல் கடந்து வந்த எதையும் தனதாக்கிக்கொள்ளும் இலங்கையைத்தான் அவர் வரைந்தார் என்று எனக்குத் தோன்றும். 1943 இல் லயனல் வென்ட் முன்னின்று உருவாக்கிய '43 குழு' என்ற கலைஞர் அமைப்பில் கீற்றோடு, விகாரை ஓவியங்களைப் பிரதி செய்துவந்த மஞ்சுசிறியும் இருந்தார்.

என்னை அதிகம் உலுக்கியவர் யாழ்ப்பாணத்துத் தா. சனாதனன். இடம்பெயர்ந்தவர்களிடம், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரும்படி கேட்டார். அவர்கள் கீறியதோடு கட்டடக்கலை வரைபடத்தையும் தன் ஓவியத்தையும் சேர்த்து 2011 இல் நூலாக்கினார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு இட்டார். மன்னரோ மாவீரரோ இல்லாத நூல் அது. அறை, விறாந்தை, கிணறு, மரம், அவ்வளவுதான். ஆனால் யாரெல்லாம் இந்த நாட்டவர் என்ற கேள்விக்கு அதைவிட உறுதியான பதிலை நான் பார்த்ததில்லை.

2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே தடை போட்டது. அன்று லொட்ஜ் அறையும் ஒருவருக்கு வீடாகத்தான் இருந்தது. அதையும் யாராவது வரையவேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் பிறந்த வீட்டையோ இழந்த வீட்டையோ ஒரு தாளில் கீறி எங்களுக்கு அனுப்புங்கள். அம்மம்மா சொல்லப் பேரப்பிள்ளைகள் கீறினாலும் நல்லது. படலை எந்தப் பக்கம், கிணறு எங்கே, சாமியறை எது என்று குறித்துவிடுங்கள். கோடு நேராக இருக்கத் தேவையில்லை. வருகின்றவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்