உருக்குவதற்கு முன் ஒரு தரம்

பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரண்மேல் அகப்படும் தகர டப்பாவைத் திறந்ததும் குப்பென்று முகத்தில் அடிக்கும் புளித்த காடியின் நெடி, உள்ளிருக்கும் அசிடேட் பிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குவதன் அடையாளம் என்பதை அறியாமல், டப்பாவோடு அதை எடைக்குப் போட்டுவிடுகிறவர்களே நம்மில் அதிகம். அதை வாங்கிப்போகிறவரின் நாட்டம் பிலிமில் இல்லை, வெள்ளியில்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாம் காணும் கருமை மையன்று. ஜெலட்டின் பூச்சுக்குள் துகள் துகளாக நிற்கும் வெள்ளியே அது. வர்ணப் பிலிமில் கழுவும்போதே வெள்ளி நீங்கிச் சாயம் மாத்திரம் எஞ்சுகிறது. எக்ஸ்ரே பிலிமிலோ பெரும்பாலும் இருபுறமும் பூச்சு உண்டு.

வெள்ளியை மீட்பது தவறென்று சொல்ல வரவில்லை; பூமியைத் தோண்டி எடுப்பதைவிட அது எவ்வளவோ மேலான காரியம். ஆனால் கொல்லைப்புறத்து அண்டாவில் காஸ்டிக் சோடாவைக் கொதிக்கவைத்துப் பூச்சைக் கழற்றி, மிஞ்சிய நீரைச் சாக்கடையில் கவிழ்ப்பதும், பிலிமைக் குவித்துக் கொளுத்திச் சாம்பலைச் சலிப்பதும், வெறுங்கையோடு வேலை செய்கிறவரின் தேகத்துக்கும் அந்த நீர் போய்ச் சேரும் ஏரியின் மீனுக்கும் ஒருங்கே அபாயம். ஸ்டுடியோ இருட்டறையில் படத்தை நிலைநிறுத்தியபின் மிஞ்சும் ஹைப்போக் கரைசலிலும் கரைந்த வெள்ளி இருப்பதால் அதையும் அப்படியே கொட்டலாகாது. ஆஸ்பத்திரிகளும் ஸ்டுடியோக்களும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஆலைகளுக்கு மட்டுமே இவற்றைத் தருவதென்று உறுதி கொள்ளவேண்டும். நோயாளியின் பெயரும் வயதும் பொறித்த எக்ஸ்ரேக்கள் கடைவாசலில் சரிந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். பிறர் அந்தரங்கத்தை அவ்விதம் தெருவில் போட நமக்கு ஏது பாத்தியதை?

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு: பிலிமோடு அதிலுள்ள படமும் அழிந்துபோவது. 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்ற மௌனப்படம் போன இடமும் தெரியவில்லை. திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப்படமோ, பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் அதன் மூல நாவலை வெளியிட்டவர் வசம் முடங்கிக் கிடந்தபடியால் பிழைத்து, பிற்காலத்தில் புனேயிலுள்ள தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. நம் கலைச் செல்வம் வழக்கின் தயவில் உயிர் தப்புவது எத்தனை பரிதாபம்! ஆகையால், உருக்குவதற்கு முன் ஒரு தரம் பாருங்கள் என்பதே என் பிரார்த்தனை. 1950-க்கு முற்பட்ட சினிமாச் சுருளானால், நீருக்குள்ளும் அணையாமல் எரியும் நைட்ரேட் பிலிமாக இருக்கக்கூடும். அதை நெருப்பண்டாமல் வைத்து, விஷயமறிந்தவரை அழைப்பதே விவேகம்.

சென்ற மாதம் காயலான் கடை ஒன்றில், எடைத்தட்டில் கிடந்த நெகட்டிவ் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்: ஒரு கல்யாணப் பந்தல், ஜமக்காளத்தில் வெண்தலைப் பிள்ளைகள், மணப்பெண்ணின் கூந்தலில் மல்லிகை கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். காகித உறையில், என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.