பெரிய மோட்டார் சைக்கிளும் சின்னம்மாவின் பயமும்

இம்மாதம் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்போகிறேன். இது ஆண்பிள்ளைகளின் விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம்மில் எத்தனையோ பேருடைய காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போவது மகனின் மோட்டார் சைக்கிளுக்காகத்தான். ஆனால் எந்த வண்டியை வாங்குவது என்ற பேச்சு வந்தால் மட்டும் நாம் குசினிக்குள் போய்விடுகிறோம்.

நான் சொல்லவிருப்பது ஒரு மகளின் கதை. என் சின்னம்மாவின் மகள் லண்டனில் தாதியாக வேலை செய்கிறாள். வயது 27. இரவு வேலை முடித்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று அலுத்துப்போனவள், 600 சிசியைத் தாண்டிய பந்தய வடிவ மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப்போவதாக வீட்டுக்கு அறிவித்துவிட்டாள். சின்னம்மா மட்டக்களப்பிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். "புள்ள, நீ நாலு குடும்பத்துக்குப் புத்தி சொல்லுறவள். இவளுக்கும் ஒருக்காச் சொல்லு" என்றார்.

சின்னம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அவருடைய தம்பி 2011 இல் கல்முனை வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து இறந்தவர். தலைக்கவசம் கைப்பிடியில் தொங்கியபடி கிடந்ததாம். அந்தத் தலைக்கவசம் இன்றும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

ஆனாலும் அவர் பேசப்பேச, ஒரு பயத்துக்குள் இரண்டு பயங்கள் கலந்திருப்பது தெரிந்தது. ஒன்று, பிள்ளை விழுந்துவிடுவாள் என்பது. மற்றது, பெண்பிள்ளை இப்படியொன்றில் குனிந்து போவதைக் கண்டவர்கள் என்ன சொல்வார்கள், நாளைக்கு யார் பெண் கேட்டு வருவார்கள் என்பது. குடும்பங்களோடு வேலை செய்யும்போது இதை அடிக்கடி காண்கிறேன். முதலாவது பயத்தைச் சொல்லி இரண்டாவதுக்காகத் தடுப்போம். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையான ஆபத்தைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. முதலாவதைப் பற்றி அவளுடன் பேசலாம் என்று சின்னம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது அரைத் திருப்திதான்.

அவள் முதலில் ஆசைப்பட்டது பழைய யமஹா ஆர்6. 599 சிசி, நான்கு சிலிண்டர், 110 குதிரைவலுவுக்கு மேல். பந்தயத் தளத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. இயந்திரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும்போதுதான் அதன் முழு வலு வெளிப்படும். நகர வீதியில் அந்த வலுவுக்கு இடமே இல்லை. உடலின் பாரம் மட்டும் மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் நோயாளரைத் தூக்கி இறக்கிய கைகளுக்கு அது தேவையா என்று கேட்டேன். ஐரோப்பாவில் 2020 உடன் வீதிப் பாவனைக்கு அதை விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். பழையதை வாங்கினால் யார் எப்படி ஓடினார்கள், எத்தனை தரம் விழுத்தினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் வாங்கவேண்டும்.

இன்னொன்றையும் சொன்னேன். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2007 இல் ஒரு கணக்கை வெளியிட்டது. பதிவுசெய்யப்பட்ட வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது, ஆர்6 போன்ற 'சூப்பர்ஸ்போர்ட்' வகையை ஓட்டுபவர்களின் மரண வீதம் ஏனைய மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. இதில் வண்டியை மட்டும் குற்றஞ்சாட்ட முடியாது. அந்த வகையை வாங்குவோரில் இளவயதினர் அதிகம். சமூகவியல் படித்ததில் எஞ்சிய பழக்கம் இது, ஒரு இலக்கத்தைக் கண்டால் அதன் பின்னால் நிற்கும் ஆட்களைத் தேடுவேன். எப்படிப் பார்த்தாலும் முதல் வண்டிக்கு அது உகந்ததல்ல.

அதே தோற்றத்தில், ஆனால் சாதாரண வீதிக்கென்று செய்யப்பட்ட நடுத்தர வண்டிகள் வேறு இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அவள் கடைக்குப் போய் மூன்றில் ஏறி இருந்து பார்த்தாள். அவள் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். கவாசாகி நிஞ்சா 650 இன் இருக்கை நிலத்திலிருந்து 790 மில்லிமீற்றர். ஹொண்டா சிபிஆர்650ஆர் 810. யமஹா ஆர்7 835. நாலு அங்குல குதிக்காலைப் பற்றிச் சிரிக்கும் நமக்கு 45 மில்லிமீற்றர் பெரிதாகத் தெரியாது. ஆனால் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது, பாதம் முழுதாக ஊன்றுமா, பெருவிரல் நுனி மட்டும் படுமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நிஞ்சாவின் எடை ஏறக்குறைய 193 கிலோ, ஆர்7 அதைவிடச் சற்றுக் குறைவு, ஹொண்டா 200 கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் சரிந்துவிட்டால் பிடித்து நிறுத்த வேண்டியது அவள்தான். ஹொண்டாவுக்கு நான்கு சிலிண்டர், 90 குதிரைவலுவுக்கு மேல். மற்ற இரண்டும் இரட்டைச் சிலிண்டர், 70 ஐ ஒட்டியவை. இரட்டைச் சிலிண்டர் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். கியரை அடிக்கடி மாற்றி இயந்திரத்தைக் கதறவிடத் தேவையில்லை. ஆர்7 இன் அழகில் அவளுக்கு மனம் போனது, கால் எட்டவில்லை.

இதை சின்னம்மாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எதில ரெண்டு காலும் நிலத்தில முட்டுது?" என்று மட்டும் கேட்டார்.

அனுமதிப்பத்திர விஷயத்தில் அந்த நாட்டைப் பாராட்டவேண்டும். கட்டாய அடிப்படைப் பயிற்சி, அதன்பின் எழுத்துப் பரீட்சை, அதன்பின் இரண்டு ஓட்டப் பரீட்சைகள். முதலாவதில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்திக் காட்டவேண்டும், தடையொன்றை விலத்திப் போகவும் வேண்டும். 24 வயதுக்கு முன் பெரிய வண்டிக்கு நேரடியாகப் போக முடியாது. 19 இலிருந்து 35 கிலோவாட் வலுவுக்கு உட்பட்டதை ஓட்டலாம். அவள் ஒரு தரம் பிழைவிட்டு, இரண்டாம் தரம் சித்தியடைந்தாள்.

பணத்தைப் பற்றிக் கதைத்தபோது அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தலைக்கவசம், கையுறை, முழங்கையிலும் தோளிலும் காப்புப் பொருத்திய மேற்சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து எல்லாவற்றுக்கும் முதலில் ஒதுக்கி, மிச்சத்துக்குள் வண்டி. பிரித்தானிய அரசு 2007 முதல் தலைக்கவசங்களைச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இட்டு வெளியிடுகிறது. அதைப் பார்த்துத்தான் வாங்கினாள். தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறக்குறைய 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைப்பதாக 2008 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது. அந்த இலக்கங்களைச் சின்னம்மாவிடம் நான் சொல்லவில்லை. பரணில் இருப்பதை நினைத்து விட்டுவிட்டேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். 650 சிசி இங்கு நம் பிள்ளைகளின் கனவில்தான் ஓடுகிறது. வீட்டுக்கு வருவது 150, 160 தான். ஆனால் கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை. மகன் கடைக்குப் போகும்போது நீங்களும் போங்கள். ஏறி இருக்கச் சொல்லிக் காலைப் பாருங்கள். பிரேக்கில் ஏபிஎஸ் உண்டா என்று கேளுங்கள். பதற்றத்தில் பிரேக்கை இறுக்கினால் சில்லு பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். அப்படிப் பூட்டவிடாமல் கணத்துக்குக் கணம் விட்டுப் பிடிப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அது கட்டாயம். அங்கிருந்து இங்கு வருவதிலும் இருக்கும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள். அனுமதிப்பத்திரத்தையும் வாங்கிப் பாருங்கள். நம் நாட்டில் ஏ1 என்பது 100 சிசி வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். ஸ்கூட்டி ஓட எடுத்ததை வைத்துக்கொண்டு 150 இல் திரிபவர்களை எனக்குத் தெரியும். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைப் பாதுகாப்புக் காரணம் காட்டி 2015 இல் பொலிஸார் தடைசெய்ய முயன்றதும், நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும் சிலருக்கு நினைவிருக்கலாம். அதைச் சாட்டாக வைத்து இன்னும் தலையின் பாதியை மட்டும் மூடுவதை வாங்குகிறார்கள். விழும்போது தாடை முதலில் வீதியில் மோதுவதும் உண்டு. தாடையையும் மூடுவதாக, வார் இறுகப் பூட்டக்கூடியதாக வாங்கிக்கொடுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் திறப்பை வாங்கி வையுங்கள்.

லீசிங் பத்திரத்தில் பிணையாளியாகக் கையெழுத்து வைத்துவிட்டு எங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்கும் தாய்மாரைப் பற்றி அடுத்த மாதம் எழுதுகிறேன். அதுவரை எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.